ஒன்பதில் ஐந்து

நாடகம் முடிந்து, ஒட்டுமீசையில்
ஒரு பாதியை உரித்து மறு பாதியை உரிக்காமல்
நான் நின்ற நேரம் பார்த்து வந்தாள்
டொக்டர் யதுர்ஷினி.
மனநலப் பிரிவில் இரண்டாம் வருடப் பயிற்சி.
கையில் ஒரு தாள்.
"அங்கிள், உங்கட தர்மகுலசிங்கத்துக்கு
ஆளுமைக் கோளாறு இருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது,
என் தம்பியைச் சொன்னதுபோல.
அறா வட்டிக்கு விட்டவன்,
தங்கச்சியின் வளவைத் தன் பேருக்கு மாற்றியவன்,
இடைவேளைக்கு முன்
பால்செம்பில் எதையோ கலந்தவன்.
எல்லாம் மெய்தான்.
ஆனாலும் இரண்டு மாதம், கராஜுக்குள்,
ஹீற்றரைக் காலடியில் வைத்துக்கொண்டு
அவன் செருமலை நானல்லவா பழகினேன்!

ஒன்பது அறிகுறியாம். ஐந்து இருந்தால் போதுமாம்.
தன்னை மலையென்று நினைப்பது: கோடு.
புகழுக்கு அலைவது: கோடு.
இன்னும் இரண்டு கோடு.
"பிறத்தியாற்ற நோவு விளங்காதது?"
மூன்றாம் காட்சியில் நாய்க்குச் சோறு வைக்கிறானே, என்றேன்.
(கிணற்றடியை மாட்ட நேரம் போதாமல்
குணபாலன் மாஸ்டர் இடையில் சொருகியது அது.
நாய்கூடக் கிடையாது,
வெறும் குலைப்புச் சத்தம்.)
அவள் அதையும் யோசித்தாள்,
பென்சில் நுனியைப் பல்லில் வைத்து.

"சின்ன வயசிலேயே இப்பிடியா?"
பிள்ளை, அவன் பிறந்ததே
இன்று பின்னேரம் ஆறரைக்கு.
பிறக்கும்போதே வயது ஐம்பத்திரண்டு, மீசையோடு.
தாய் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை,
அடித்த வாத்தியும் இல்லை.
அவனுக்கென்று எழுதினது ஐந்து காட்சி.
மிச்ச நேரமெல்லாம் திரைக்குப் பின்னால்
கதாநாயகியின் தண்ணீர்ப்போத்தலைப்
பிடித்துக்கொண்டு நின்றான்.
அதை எந்தப் பெட்டிக்குள் போடுவாய்?

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கதிரைகளை மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.
"கடைசியில மகளிட்ட மன்னிப்புக் கேக்கிறானே,
அது உண்மையா அங்கிள்?
இல்லாட்டி அதுவும்
அவன்ர ஒரு விளையாட்டா?"

மாஸ்டர் அழச் சொன்னார்.
கண்ணுக்குக் கீழே தைலம் தடவி அழுதேன்.
அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்,
தாளின் மேல்மூலை கண்ணில் பட்டுவிட்டது.
பெயர் என்ற இடத்தில்
தர்மகுலசிங்கத்துக்கு அடியில்
அழித்த பென்சில் எழுத்து.
மூன்றோ, நான்கோ.
நான் வாசிக்கவில்லை.
வாசிக்க முடியாமலும் இல்லை.

"உண்மைதான்," என்றேன்.

ஐந்தாம் பெட்டியில் பென்சில் போய்த் தொட்டது,
புள்ளியோடு நின்றது.
தாளை நாலாய் மடித்து
ஜக்கெற்றின் உள்பைக்குள் வைத்து
"நல்லா நடிச்சீங்கள்" என்றுவிட்டுப் போனாள்.
நல்லாய் நடித்தது எதை என்று
நானும் கேட்கவில்லை.

அன்றிரவு வினிபெக்கில் இருபத்தாறு சென்றிமீற்றர்.
மண்டபத்திலிருந்து நேரே வேலைக்கு.
மூன்று மணி, மெக்ஃபிலிப்ஸ் வீதிக்குப் பின்னால்
சின்னத் தெருக்களில் பனி வழித்துக்கொண்டு போகிறேன்.
தெருவைத் திறந்தால் வாசல்கள் அடைபடும்.
வழித்த பனி எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்.
ஒருவன் பிஜாமாவோடு ஓடிவந்து
சவளை உயர்த்திக்கொண்டு கத்தினான்.
கண்ணாடிக்குள் ஒன்றும் கேட்கவில்லை.
வாயசைவு மட்டும்.
நான் இன்னார் என்று
ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டான்.
சரியாகவும் இருக்கலாம்.

கைகாட்டிவிட்டுப் போகலாமென்று
கழுத்துத்துணியை மூக்குக்குக் கீழே இறக்கினேன்.
மேலுதட்டில் பசை இழுத்தது.
அவன் மீசையின் மறுபாதி
இன்னும் என்னில்தான் இருந்தது.